காரத்துக்கு ஒரே நாள்: செங்டுவா, சோங்சிங்கா?

சீனாவில் மிளகாய்க்கென்றே ஒரு நாளை ஒதுக்குகிறவர்கள் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான செங்டுவா, 1997இல் அந்த மாகாணத்திலிருந்து பிரிந்து தனி மாநகரமான சோங்சிங்கா? அதிவேக ரயிலில் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம்தான். போன நவம்பரில் நானும் கணவரும் ஊருக்கு ஒரு நாள் வீதம் தங்கினோம். கடைசியில் சோங்சிங்கில் இருக்கும்போது ஒரு நாள் மிஞ்சியது. செங்டுவுக்கே திரும்ப ரயில் ஏறிவிட்டோம்.

ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் சோங்சிங்தான். யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடுமிடத்தில், மலைமேல் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் ஊர். லிஸிபாவில் மோனோரயில் 19 மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. யாங்சிக்கு மேலே 1,166 மீட்டர் நீள ரோப்கார். ராத்திரியில் ஆற்றோரம் அடுக்கடுக்காக நிற்கும் ஹோங்யாடோங் கட்டடத்தின் விளக்குகள். ஆனால் எங்கே பார்த்தாலும் படிக்கட்டு. மூட்டுவலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். செங்டு சமதரை. பாண்டா காப்பகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மூங்கில் தின்று முடித்ததும் அவை தூங்கப் போய்விடும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை. காரம் எந்தக் கொழுப்பில் ஏறி வருகிறது என்பதுதான்.

ஹாட்பாட் என்றால் மேசையிலேயே கொதிக்கும் சட்டியில் முக்கித் தின்பது; சோங்சிங்கில் அதன் உயிர் மாட்டுக்கொழுப்பு. துறைமுகச் சுமைதூக்கிகள் மலிவான குடலையும் இரைப்பையையும் வேகவைத்துச் சாப்பிட்டதில் பிறந்தது என்பார்கள். ஒன்பது கட்டம் போட்ட சட்டியைக் கொண்டுவந்து வைக்கும்போது, கொழுப்பு செங்கல் நிறத்தில் உறைந்து கிடந்தது. வற்றல் மிளகாயும், நாக்கை மரக்கவைக்கும் சிச்சுவான் மிளகான ஹுவாஜியாவும் அதில் புதைந்திருந்தன. அடுப்பு சூடேறியதும் ஓரம் இளகி, முழுக்கச் சிவந்து கொதித்தது. இரைப்பைத் துண்டை 15 விநாடி முக்கியெடுத்து, பூண்டு போட்ட நல்லெண்ணெயில் தோய்த்துத் தின்றோம். முதல் அரை மணி நேரம் சொர்க்கம். பிறகு அந்தக் கொழுப்பு உதட்டிலும் அண்ணத்திலும் படிந்துவிட்டது. மிளகாயின் காரம் கொழுப்பில் கரைவது, தண்ணீரில் கரையாது. எவ்வளவு குடித்தாலும் போகவில்லை. மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டது ராத்திரி வரை வயிற்றில் கனத்தது. அன்று அதற்குமேல் ஒரு வாய் இறங்கவில்லை.

செங்டுவின் சிறுகிண்ணச் சாப்பாட்டில் ஓடுவது ரேப்சீட் எண்ணெய். கடுகுக்கு உறவான ஒரு செடியின் விதையில் எடுப்பது அது. நன்றாகக் காய்ச்சி, சற்று ஆறவிட்டு, மிளகாய்த்தூளின் மேல் ஊற்றுகிறார்கள். சூடு சரியாக இருந்தால் தூள் கருகாமல் பொரிந்து, நிறமும் மணமும் எண்ணெயில் இறங்கிவிடுகிறது. சாதாரணக் குளிரில் உறையாது என்பதால் அண்ணத்தில் அப்பிக்கொள்வதில்லை. காரம் சுரீரென்று ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அதனால் காலையில் சிவப்பெண்ணெயில் வொன்டான் கொழுக்கட்டை, மதியம் காரக் குழம்பில் சோயாக்கட்டியான மாப்போ டோஃபு, சாயங்காலம் டான் டான் நூடுல்ஸ் என்று ஒரே நாளில் மூன்று விதக் காரம் தாங்குகிறது. நடுவே மக்கள் பூங்காவில் மூங்கில் நாற்காலியில் சாய்ந்து மல்லிகைத் தேநீர் குடித்தோம். காது குடைந்துவிடும் தொழிலாளி ஒருவர் இடுக்கியைச் சுண்டி 'ட்டிங்' என்று ஒலியெழுப்பிக்கொண்டே மேசை மேசையாக வந்தார்.

மாப்போ டோஃபு 1862 வாக்கில் செங்டுவின் வடக்கே ஒரு பாலத்தருகில் பிறந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே முதலில் வாடிக்கையாகச் சாப்பிட்டவர்கள் எண்ணெய் சுமக்கும் கூலிகளாம். இதுவும் சுமைதூக்கிகள் சாப்பாடுதான், ஆனால் எண்ணெய் வேறு. எங்களுக்கு வந்த கிண்ணத்தில் தயிர்க்கட்டி போல டோஃபு அசைந்தது; மேலே ஹுவாஜியாவ் பொடி. இரண்டாவது கரண்டியில் உதடு துடிக்க ஆரம்பித்தது. அந்தத் துடிப்பு விநாடிக்குச் சுமார் 50 அதிர்வுக்கு நிகரானது என்று 2013இல் லண்டன் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க: பழைய முறை மாப்போ டோஃபுவிலும் கொத்திய மாட்டிறைச்சி உண்டு, சொல்லி வைத்தால்தான் தப்பலாம். சைவம் மட்டும் என்றால் செங்டுவின் வென்ஷு மடாலயத்திலேயே சைவ உணவகம் இருக்கிறது. செங்டு ஹாட்பாட் கடைகளிலும் மாட்டுக்கொழுப்புச் சட்டி தாராளமாகக் கிடைக்கும் என்பதால், ஹாட்பாட் ஒன்றே குறி என்றால் என் வாதம் எடுபடாது. அதன் தாய்வீடான சோங்சிங்குக்கே போங்கள். காரம் ஒத்துக்கொள்ளாதவர் கூட வந்தால், பாதி சிவப்பும் பாதி வெள்ளைச் சாறுமான இரட்டைச் சட்டி கேளுங்கள்.

கோடையைப் பற்றி நான் பேச முடியாது. சோங்சிங்கைச் சீனத்தின் அடுப்புகளில் ஒன்று என்பார்கள். நாங்கள் போனது குளிரில். காலையில் அந்த ஊர்க்காரர்கள் நின்றுகொண்டே சாப்பிடும் சியாவ்மியன் நூடுல்ஸையும் தவறவிட்டோம். அதைச் சாப்பிட்டிருந்தால் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் ராத்திரி ஒன்பது மணி, செங்டுவில் நான்கு மேசை மட்டும் உள்ள கடை. டான் டான் நூடுல்ஸ் கிண்ணத்தின் அடியில் கடுகுக்கீரை ஊறுகாயும் எண்ணெயும் மிச்சம். "இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்றார் கணவர். முந்தின ராத்திரி இதே நேரத்தில், வெந்நீர் தவிர எதுவும் வேண்டாம் என்று படுத்தவள் நான்.

"ரெண்டா சொல்லுங்க" என்றேன்.