பேக்கப் மென்பொருளின் செட்டிங்ஸைக் காக்க நான்கு வழிகள்: எது தேறும்?

பேக்கப் ஓடியதா என்று தினமும் பார்ப்பவர்களிடம்கூட, அந்த பேக்கப் மென்பொருளின் செட்டிங்ஸுக்கு நகல் எங்கே என்று கேட்டால் யோசிப்பார்கள். எந்தச் சர்வரை எப்போது எடுப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, எந்தக் கடவுச்சொல் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைக் காக்கும் எந்த வழியையும் நான் இரண்டு கேள்விகளால் எடைபோடுவேன். தப்பாகத் திருத்திவிட்டால் பழையபடி திரும்ப முடியுமா? சர்வரே போய்விட்டால் நகல் கையில் இருக்குமா?

பக்கத்திலேயே ‘.பேக்’ என்று ஒரு நகல் போட்டுவைப்பது முதல் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும், இரண்டாவதற்குச் சொல்லாது. பெயரிலும் கவனம் வேண்டும். பாரியோஸ் என்ற பேக்கப் மென்பொருள் தன் செட்டிங்ஸ் ஃபோல்டரில் ‘.கான்ஃப்’ என்று முடியும் கோப்புகளை எல்லாம் படிக்கும். பழைய நகலையும் அப்படி முடித்து அங்கேயே வைத்தால், ஒரே பெயரில் இரண்டு ஜாப் (பேக்கப் வேலை) வந்து மோதும்.

சர்வரின் அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வேகமானது, ஆனால் பேக்கப் சர்வருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் திருப்பினால், எந்தக் கோப்பு எந்த பேக்கப்பில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் கேட்டலாக் டேட்டாபேஸும் சேர்ந்து திரும்பிவிடும். இடையில் எடுத்த பேக்கப்கள் டிஸ்க்கில் இருக்கும், மென்பொருளுக்கு மட்டும் அவை தெரியாது. அப்டேட் போடும் அரைமணி நேரத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

உண்மையான போட்டி, கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவிக்கும், மென்பொருளே தன் செட்டிங்ஸை நகலெடுத்துத் தரும் எக்ஸ்போர்ட்டுக்கும்தான்.

பாக்குலா, பாரியோஸ், விழுந்த சர்வரை மீட்க உதவும் ரியர் போல டெக்ஸ்ட் கோப்பில் இயங்குபவற்றுக்கு கிட்டை மிஞ்ச ஆளில்லை. எந்த வரி, எப்போது, எதற்காக மாறியது என்று தெரியும். ஆனால் கோப்பின் உரிமையாளர் யார், யார் படிக்கலாம் என்ற அனுமதிகளை கிட் முழுதாக நினைவில் வைப்பதில்லை. கடவுச்சொல் உள்ள கோப்பு, திரும்ப எடுக்கும்போது எல்லோரும் படிக்கும்படி வந்து நிற்கலாம். ஜோயி ஹெஸ் எழுதிய ஈடிசிகீப்பர் என்ற துணைக் கருவி அந்தக் குறையைத் தீர்க்கிறது. அதுவும் வரலாற்றை அதே டிஸ்க்கில்தான் வைக்கும். வேறொரு மெஷினுக்கு புஷ் செய்யச் சொல்லி நாம்தான் அமைக்க வேண்டும். அப்படி அனுப்பும்போது கடவுச்சொற்களும் சேர்ந்தே போகும் என்பதால், அந்த கிட் ரெபாசிட்டரி (வரலாறு சேரும் இடம்) ஒருபோதும் பொதுவெளியில் இருக்கக்கூடாது.

வீம் போல செட்டிங்ஸை டேட்டாபேஸில் வைக்கும் மென்பொருளுக்கு கிட் பயன்படாது. வீமே தினமும் ‘.பிசிஓ’ கோப்பாக ஒரு நகல் எடுக்கிறது. நல்ல வசதி. ஆனால் தொடக்கத்தில் அது போய் உட்காருவது பேக்கப் சர்வரிலேயே உள்ள, பேக்கப்கள் சேரும் ரெபாசிட்டரியில். வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டுவது மாதிரி. இடத்தை மாற்றுங்கள், என்கிரிப்ஷனையும் போடுங்கள். அந்த என்கிரிப்ஷன் கடவுச்சொல்லை இந்தச் சர்வருக்கு வெளியே எழுதிவையுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்பதை எக்ஸ்போர்ட் காட்டாது. மாற்றக் குறிப்பை நாம்தான் தனியாக எழுத வேண்டும்.

சரி, நகல் இருக்கிறது, திருத்துவது? பாக்குலாவில் ஜாப்களை நடத்தும் டைரக்டர் நிரலை ‘-t’ சேர்த்து ஓட்டினால் செட்டிங்ஸைப் படித்துப் பார்த்துப் பிழை இருந்தால் சொல்லும், எதையும் தொடங்காது. அதன் பிறகுதான் ரீலோட், அதாவது புதிய செட்டிங்ஸை ஏற்றுவது. ஆனால் அது இலக்கணத்தைத்தான் சோதிக்கும். ஒரு ஃபோல்டரைப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டால் மௌனமாகத்தான் இருக்கும். அதனால் ஒரு ஜாப்பை ஓட்டி, ஒரு கோப்பை ரீஸ்டோர் செய்து பார்க்காமல் திருத்தம் முடிந்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

ரியரில் இன்னும் இரண்டு விஷயங்கள். டிஃபால்ட்.கான்ஃப் கோப்பைத் தொடாதீர்கள், அடுத்த அப்டேட்டில் அது அழிந்துவிடும், லோக்கல்.கான்ஃப் கோப்பில் எழுதுங்கள். அப்புறம், திருத்தியதும், சர்வரை பூட் செய்து மீட்க ரியர் தரும் மீட்பு இமேஜை மறுபடி உருவாக்குங்கள். பழைய இமேஜுக்குள் இருப்பது பழைய செட்டிங்ஸ். புதிய இமேஜை ஒரு சோதனை மெஷினில் பூட் செய்து பார்த்த பிறகு பழையதை நீக்கலாம்.