லைசென்ஸ் வந்த கையோடு ஐ20 என் லைன் எடுக்கலாமா?

ஹூண்டாய் ஐ20 காரின் டர்போ வடிவமான என் லைன் (N Line) நல்ல வண்டி. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நேற்று லைசென்ஸ் வாங்கிய 19 வயதுப் பிள்ளைக்கு அதை முதல் காராக வாங்கித் தருவது சரியா என்பது வேறு கேள்வி. ஷோரூமில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியும் கேட்காது. அதனால்தான் வண்டியையும் பாலிசியையும் சேர்த்தே இங்கே பார்க்கிறோம்.

முதலில் வண்டி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. 2021 செப்டம்பரில் வந்தபோது கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியர்பாக்ஸும் 7 ஸ்பீடு டிசிடி (இரட்டைக் கிளட்ச்) ஆட்டோமேட்டிக்கும் இருந்தன. 2023 செப்டம்பரில் மாற்றி அமைத்தபோது ஐஎம்டி போய், முறையான 6 ஸ்பீடு மேனுவல் வந்தது. ஆரம்ப விலை அப்போது எக்ஸ்-ஷோரூம் ரூ.9.99 லட்சம். இன்ஜின் 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. 120 பிஎஸ் திறன், 172 என்எம் இழுவை. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஆறு ஏர்பேக், 195/55 ஆர்16 டயர். நூறு கிலோமீட்டர் வேகத்தை 9.9 விநாடியில் தொடும் என்று கம்பெனி சொன்னது.

காகிதத்தில் 120 பிஎஸ் பெரிய எண்ணாகத் தெரியாது. இதில் கவனிக்க வேண்டியது 172 என்எம் இழுவை எங்கே கிடைக்கிறது என்பதைத்தான். இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று (ஆர்பிஎம்) சுழலும்போதே முழுசாக வந்து 4,000 வரை குறையாமல் நிற்கிறது. சாதாரண 1.2 லிட்டர் ஐ20-யில் அதிகபட்சமே 115 என்எம்தான், அதுவும் 4,000-ஐத் தாண்டினால்தான். மூன்றாவது கியரில் 40 கிமீ வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், சாதாரண ஐ20 முனகிக்கொண்டு ஏறும். என் லைன் அரை நொடி யோசித்துவிட்டு ஒரேயடியாகப் பாயும். அந்த அரை நொடிதான் டர்போவின் தாமதம். பழகியவர் அதை எதிர்பார்த்து முன்கூட்டியே பாதி அழுத்துவார். புதியவர் "ஏன் இன்னும் போகலை" என்று இன்னும் கொஞ்சம் அழுத்துவார். அழுத்தியதெல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வந்து சேரும்.

சஸ்பென்ஷன் கெட்டி, ஸ்டீயரிங்கில் கனம் கூடுதல். நெடுஞ்சாலையில் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு போவது போன்ற நம்பிக்கை வருகிறது. அனுபவம் உள்ளவருக்கு அது வரம். இல்லாதவருக்கு 110 கிமீ வேகம் 80 போலத் தெரியும், சிக்கல் அங்கேதான். 80 கிமீ வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தால், பிரேக் பிடிக்கும் முன்பே 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நல்ல டயரோடு நிற்க இன்னொரு 36 மீட்டர். 100 கிமீ வேகத்தில் இவை 42, 56 என்று ஆகின்றன. 70 மீட்டருக்குள் நின்ற வண்டி இப்போது நூறு மீட்டர் கேட்கிறது. வேகம் கால்பங்கு கூடினால் பிரேக் தூரம் பாதிக்கு மேல் கூடும். இது எந்த பிரேக்குக்கும் பொருந்தும் கணக்கு.

புதியவர் எங்கே மாட்டிக்கொள்கிறார் என்பதற்கு இரண்டு இடங்களைச் சொல்லலாம். ஒன்று, நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் பஸ்ஸுக்குப் பின்னால். 1.2 லிட்டர் வண்டியில் ஓவர்டேக் எடுக்க வேண்டுமானால் கியரைக் குறைக்க வேண்டும், எதிரே எவ்வளவு இடம் என்று அளக்க வேண்டும், போதாது என்றால் பொறுக்க வேண்டும். கண்ணுக்கு அளவு பழகுவது இப்படித்தான். என் லைனில் இடம் அளக்காமலே பலமுறை தப்பிவிடலாம், பிக்கப் காப்பாற்றிவிடும். நான்கு நண்பர்களும் பையும் ஏற்றிய நாளில், ஏசி ஓடும்போது, மேட்டில், அதே இடைவெளி போதாமல் போகும். அன்றைக்குத்தான் அளக்கத் தெரியாது என்பதே தெரியவரும்.

இன்னொன்று, மழையில் மலைப்பாதை. ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இது முன்சக்கர இயக்கம் உள்ள வண்டி; முன் டயர்தான் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். ஈரத்தில் இரண்டாவது கியரில் ஸ்டீயரிங்கை ஒடித்தபடி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் டயரின் பிடி முழுவதும் இழுப்பதற்கே செலவாகி, வண்டி வளைவுக்கு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். வண்டி தடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் அமைப்பான ஈஎஸ்சி குறுக்கிட்டுச் சக்தியைக் குறைக்கும். ஆனால் அதற்குள் எதிர்த் தடத்தில் இருப்பீர்கள். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்து, கியரைப் போட்டு, சக்கரம் நேராகத் தொடங்கிய பிறகு மெல்ல அழுத்துவதுதான் முறை. இதை 83 பிஎஸ் வண்டியில் தப்பாகச் செய்தால் டயர் கிறீச்சிடும், அவ்வளவுதான்.

டிசிடி பற்றி ஒரு வார்த்தை. இதில் இருப்பது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். மேம்பாலச் சரிவில் நெரிசலில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் சூடேறும், எச்சரிக்கை காட்டும், நாளடைவில் தேயும். கால் பிரேக்கில் இருக்கட்டும். முன்னால் ஒரு வண்டி நீள இடைவெளி வந்த பிறகு நகர்த்துங்கள். கற்றுக்கொள்ளும் வயதில் மேனுவல்தான் எங்கள் பரிந்துரை.

இனி இன்சூரன்ஸ். பலரும் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கும் விஷயம் இது.

பிரிட்டனில் பல வருடங்களாக ஒவ்வொரு காருக்கும் 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குரூப் இருந்து வந்தது. இளம் ஓட்டுநர் வேகமான ஹாட்ச்பேக்குக்கு விலை கேட்டால் பிரீமியமே அவரைத் திருப்பி அனுப்பிவிடும். இங்கே அப்படி இல்லை. நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கான, கட்டாயமான தேர்டு பார்ட்டி பிரீமியம் சிசியை மட்டும் பார்க்கிறது. 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 1,000 சிசி வரை ஆண்டுக்கு ரூ.2,094, அதற்கு மேல் 1,500 சிசி வரை ரூ.3,416. புது காருக்கு மூன்று வருடம் சேர்த்துக் கட்ட வேண்டும்: ரூ.6,521 அல்லது ரூ.10,640, ஜிஎஸ்டி தனி. இப்போது பொருத்திப் பாருங்கள். 83 பிஎஸ் தரும் 1.2 லிட்டர் ஐ20 மேனுவல் 1,197 சிசி, அதற்கு ரூ.3,416. 120 பிஎஸ் என் லைன் 998 சிசி, அதற்கு ரூ.2,094. அதே 120 பிஎஸ் உள்ள டாடா ஆல்ட்ராஸ் ரேஸர் 1,199 சிசி என்பதால் மறுபடியும் ரூ.3,416. வேகமான வண்டிக்குத்தான் குறைந்த கட்டணம்! ஓட்டுபவருக்கு 19 வயதா 45 வயதா என்பது இந்தப் பகுதியில் கணக்கிலேயே இல்லை.

நம் வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி ஐடிவி (பாலிசியில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு), சிசி, வண்டியின் வயது, பதிவான மண்டலம் ஆகியவற்றை வைத்து வருவது. சென்னை ஏ மண்டலம். கோவை, மதுரை, திருச்சி எல்லாம் பி, சற்றுக் குறைவு. கம்பெனிக்குக் கம்பெனி தள்ளுபடி மாறும், நான்கு இடத்தில் கேளுங்கள். ஆக, பிரீமியம் கட்டுப்படியாகிறது என்பதை வைத்து "நமக்கு ஏற்ற வண்டி" என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது, வண்டி அப்பா பேரில், ஓட்டுவது பிள்ளை. நம் வீடுகளில் இதுதான் வழக்கம். பாலிசியில் உள்ள ரூ.15 லட்சம் கட்டாய விபத்துக் காப்பீடு உரிமையாளருக்கு மட்டும். பிள்ளை ஓட்டி அடிபட்டால் அதில் ஒரு ரூபாய் வராது. பெயர் குறிப்பிட்ட நபருக்கான விபத்துக் காப்பீட்டைப் பாலிசியோடு சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது பிள்ளை பேரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டு பாலிசி எடுங்கள். எல்எல்ஆர் காலத்தில் எல் போர்டு ஒட்டி, பக்கத்தில் நிரந்தர லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் க்ளெய்மை மறுக்க அதுவே போதும். 18 ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுப்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி ரூ.25,000 அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு.

நோ க்ளெய்ம் போனஸில் புதியவர்கள் இழப்பது அதிகம். க்ளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடமும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று கழிவு ஏறும். ஒரே ஒரு க்ளெய்ம், எல்லாம் பூஜ்யம். ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.14,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வருடத்தில் பார்க்கிங் தூணில் பம்பர் உரசி, டிங்கரிங்கும் பெயின்ட்டும் சேர்த்து ரூ.7,000 பில். க்ளெய்ம் போட்டால் கட்டாயப் பிடித்தம் ரூ.1,000 போக அதிகபட்சம் ரூ.6,000 கிடைக்கும். அடுத்த புதுப்பிப்பில் கிடைத்திருக்க வேண்டிய 35 சதவீதம், அதாவது ரூ.4,900 போச்சு. அதற்கடுத்த வருடம் 45-க்குப் பதில் 20, இன்னொரு ரூ.3,500. இரண்டே வருடத்தில் ரூ.8,400 நஷ்டம். சின்ன உரசலைக் கைக்காசில் சரிசெய்யுங்கள்.

பாலிசியில் சேர்க்க வேண்டியவை: பம்பர் டு பம்பர் என்று எல்லோரும் சொல்லும் ஜீரோ டிப்ரிசியேஷன். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். பம்பர் முழுக்க பிளாஸ்டிக். வருடத்துக்கு இரண்டு க்ளெய்ம் என்று வரம்பு வைக்கும் பாலிசிகள் உண்டு, படித்துப் பாருங்கள். சென்னையில் இன்ஜின் புரொடெக்ஷன் அவசியம். தேங்கிய தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய்க் கனெக்டிங் ராடு வளையும், சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது. 2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். 55 சீரிஸ் டயரின் பக்கச்சுவர் (அகலத்தில் 55 சதவீதமே உயரம்) குட்டையானது. பள்ளத்தில் இறங்கினால் வீங்கும், அலாய் வளையும். மோசமான சாலைகளில் ஓட்டுபவருக்கு டயர் சேதத்துக்கான கூடுதல் காப்பீடு உதவும்.

ரீமேப் செய்து, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றி, திறனைக் கூட்டுகிறவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லாவிட்டால், பெரிய விபத்தில் சர்வேயர் அதைக் கண்டுபிடித்த அன்று மொத்த க்ளெய்மும் ஆட்டம் காணும். இருங்காட்டுக்கோட்டையிலேயே பந்தயத் தடமும் இருக்கிறது. வேகத்தைப் பார்க்க அதுதான் சரியான இடம். ஆனால் பந்தயம், வேகச் சோதனை எல்லாம் பாலிசிக்கு வெளியே. அங்கே அடிபட்டால் செலவு உங்களுடையது.

அப்படியானால் முதல் வண்டி எது? பழைய ஸ்விஃப்ட், வேகன் ஆர், கிராண்ட் ஐ10 மாதிரி 1.2 லிட்டர் மேனுவல். 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரானதாகப் பாருங்கள், ஏபிஎஸ் இருக்கும். அதற்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் கொடுங்கள். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் நான்கையும் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்ற மனுக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் தேர்டு பார்ட்டி மட்டும் நிற்கும், உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் வராது. முன்னவரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். உங்களுடையது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த போனஸ் வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்குச் சொந்தம். அதனால் பழைய வண்டியைப் பிள்ளை பேரிலேயே வாங்குங்கள். இரண்டு வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 25 சதவீதக் கழிவோடு அடுத்த வண்டிக்குப் போகலாம். பழையதை விற்கும்போது கம்பெனியிடம் போனஸுக்கான கடிதம் வாங்க மறக்க வேண்டாம்.

அந்த இரண்டு வருடத்தில் 15,000 கிமீயாவது ஓடட்டும். அதில் இரவு வேண்டும், கொட்டும் மழை வேண்டும், எதிர் ஹெட்லைட் கண்ணைக் கூசும் இருவழிச் சாலை வேண்டும், முழு வண்டி ஆளோடு மலை ஏற்றமும் இறக்கமும் வேண்டும். ஆர்டிஓ டெஸ்ட்டில் இவை எதுவும் கிடையாது. தினமும் ஆபீசுக்குப் போய் வந்த 15,000 கிமீ இதற்கு ஈடாகாது.

பாதுகாப்பு விஷயத்தில் ஒரு குறிப்பு. 2022-இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த இரண்டு ஏர்பேக் ஐ20 மூன்று நட்சத்திரம்தான் வாங்கியது. ஆல்ட்ராஸ் 2020-இலேயே ஐந்து. ஆறு ஏர்பேக் வந்த பின் என் லைன் மேம்பட்டிருக்கும், ஆனால் கட்டுமானத்துக்கு முன்னுரிமை தருபவர் ஆல்ட்ராஸையும் ஓட்டிப் பார்க்கட்டும்.

இரண்டு வருடம் கழித்து என் லைனையே செகண்ட் ஹேண்டில் எடுக்கலாம், தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் ஓனர் தாங்கியிருப்பார். நான்கு அலாயையும் உள்பக்கம் விரல் ஓட்டித் தடவிப் பாருங்கள், வளைவு தட்டும். சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். டிசிடி என்றால் பத்து நிமிடம் நெரிசலில் ஓட்டிச் சூடேற்றி, பிறகு லேசான மேட்டில் பிரேக்கை மெல்ல விட்டு முன்னும் ரிவர்ஸிலும் ஊரவிடுங்கள். வண்டி உதறினால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.