புளி கொதிக்க எந்தச் சட்டி: மண்ணா, மாக்கல்லா, ஈயமா, இரும்பா?

மீன் குழம்பு, வத்தக்குழம்பு, ரசம் மூன்றுக்கும் புளிதான் அடி. ஆனாலும் பழைய அடுப்படிகளில் மூன்றும் வெவ்வேறு பாத்திரத்தில்தான் கொதித்தன. இன்று பாரம்பரியப் பாத்திரக் கடைக்குப் போகிறவர்கள் கண்ணுக்கு அழகான ஒன்றை வாங்கி, அதிலேயே எல்லாவற்றையும் சமைக்கப் பார்க்கிறார்கள். மூன்றாம் மாதம் அது பரணுக்குப் போய்விடுகிறது.

மீன் குழம்புக்கு மண்சட்டி. காரணம் ருசி மட்டும் இல்லை, கனமும்தான். மீன் போட்ட பிறகு கரண்டி விடக் கூடாது. சட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுழற்று சுழற்ற வேண்டும். தண்ணீரில்லாமலே சில கிலோ கனக்கும், மாக்கல்லில் செய்த கல்சட்டியில் அது நடக்காது. மேலும் கல்சட்டி இறக்கிய பிறகும் கொதித்துக்கொண்டே இருக்கும், மீன் குழைந்து முள் தனியாக வந்துவிடும்.

புது மண்சட்டியை ஒரு முழு நாள் தண்ணீரில் மூழ்கப் போடுங்கள். குமிழி விடுவது நுண்துளைகள் தண்ணீர் குடிப்பதால். நிழலில் காயவைத்து, முக்கால் அளவு வடிகஞ்சி ஊற்றி, சிறு தீயில் கொதிக்கவிட்டு அப்படியே ஆறவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இதைச் செய்தால் கஞ்சியின் மாவுச்சத்து துளைகளை அடைத்துவிடும். சோப்பு போட்டால் அதே துளைகள் சோப்பையும் குடிக்கும். அடுத்த குழம்பில் வாடை தெரியும். தேங்காய் நாரும் கொஞ்சம் அரிசி மாவும் போதும். ஈரத்தோடு கவிழ்த்து அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மீன் சட்டியை மீனுக்கே விட்டுவிடுங்கள், அந்த வாடை போகாது.

வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்தது. தொப்பென்றால் கீறலோ அரைவேக்காடோ இருக்கும். கறுப்புச் சட்டி வேறு மண் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். அதே மண்ணைச் சூளையில் காற்றை அடைத்துப் புகைமூட்டத்தில் சுட்டால் கறுப்பாக வரும், அவ்வளவுதான். கண்ணாடி போல மின்னினால் மட்டும் என்ன பூச்சு என்று கேளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டங்களுக்கும் இந்தச் சோதனைகள் பொருந்தும்.

வத்தக்குழம்பு என்றால் கல்சட்டிக்கு ஈடு இல்லை. எண்ணெய் பிரியும் வரை சுண்ட வேண்டிய குழம்பு அது. மாக்கல் மெல்லச் சூடேறி, ஒரே சீராகப் பிடித்து வைக்கும். எண்ணெய் ஓரத்தில் கசியத் தொடங்கியதுமே அடுப்பை அணைத்துவிட வேண்டும், மிச்சத்தைக் கல் பார்த்துக்கொள்ளும். முழுக்கச் சுண்டிய பிறகு அணைத்தால் சாப்பிடும்போது குழம்பு இருக்காது, தொக்குதான் இருக்கும்.

ஆனால் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். பழக்காத கல்சட்டி வெளிர் சாம்பல் நிறம். விளக்கெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து உள்ளும் புறமும் பூசி ஒரு நாள் வையுங்கள். பிறகு வெதுவெதுப்பான வடிகஞ்சி நிரப்பி, தினமும் மாற்றி, ஐந்து முதல் ஏழு நாள். கடைசியில் கஞ்சியோடு மிகச் சிறு தீயில் ஏற்றி மெல்லச் சூடாக்குங்கள். அவசரப்பட்டுப் பெருந்தீயில் வைத்தால் அடி முந்தி விரியும், மேல்பக்கம் குளிர்ந்தே நிற்கும், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி முட்டும். சட்டி படாரென்று பிளந்துவிடும். பழகிய சட்டியும் ஈர மேடையில் இறக்கினால் விரிசல் விடும். அதற்குத்தான் சட்டிக்கு அடியில் வைக்கும் பிரிமணை. நகம் பட்டாலே கோடு விழும் கல் என்பதால் எவர்சில்வர் கரண்டியைத் தவிர்த்து மரக்கரண்டியோ கொட்டாங்கச்சி அகப்பையோ போடுங்கள்.

ரசத்துக்கு ஈயச்சொம்பு. அது வெள்ளீயத்தில் (tin) செய்வது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். தீ அடியைத் தாண்டிப் பக்கத்தில் ஏறக் கூடாது. தாளிப்பு தனிக் கரண்டியில்தான். சொம்பிலேயே எண்ணெய் காயவைத்தால் அடி ஓட்டையாகும்.

இதைவிடப் பெரிய கவலை காரீயக் (lead) கலப்பு. காரீயம் நஞ்சு, புளிப்பில் கரைந்து ரசத்தில் இறங்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எடை போட்டும் தண்ணீரில் முக்கியும் பார்க்கலாம்: 500 கிராம் சுத்த வெள்ளீயம் ஏறத்தாழ 68 மில்லி தண்ணீரைத் தள்ளும். ஆனால் பத்தில் ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தாலும் இரண்டு மில்லிதான் குறையும், வீட்டு அளவுக் குவளையில் அது பிடிபடாது. ஆய்வகத்தில் சோதித்து வாங்கியதற்கு மட்டும் அடுப்பில் இடம். பழைய சந்தையில் கிடைத்த சொம்பு எத்தனை அழகாக இருந்தாலும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

வார்ப்பிரும்பு இந்தப் பந்தயத்தில் தோற்றுப்போகும். அதன்மேல் காய்ந்து இறுகிய எண்ணெய்ப் படலத்தைப் புளி தின்றுவிடும். குழம்பு கறுத்து இரும்பு வாடை அடிக்கும். சுண்டைவத்தல் வறுக்க அதைப்போல் இன்னொன்று கிடையாது, குழம்பை மட்டும் வேறு சட்டியில் கூட்டுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே உள்ள வீட்டுக்கு, வருத்தமான செய்தி: நான்கில் இது ஒன்றுதான் அதில் சூடேறும்.

பரணிலிருந்து பாட்டி காலத்துக் கல்சட்டி கிடைத்தால் முதலில் விரிசல் பாருங்கள். தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள்மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் மறுபடி கஞ்சி ஊற்றிப் பழக்கலாம். நனைந்திருந்தால் அடுப்பில் ஏற்றாதீர்கள். கொட்டை எடுத்த புளியை உருட்டிப் போட்டு வைக்கலாம்.