பிஜிஏ டூர் 2கே-யில் ஆறு வெட்டுவது

கோல்ஃப் ஆடுவதற்கென்றுதான் பிஜிஏ டூர் 2கே என்ற இந்த வீடியோ கேமை வாங்கினேன். கொஞ்ச நாளிலேயே அதிலுள்ள மைதான வடிவமைப்புப் பகுதிக்குள் போனேன், இன்னும் வெளியே வரவில்லை. கனடாவின் ஹெச்பி ஸ்டுடியோஸ் 2014-ல் வெளியிட்ட ‘த கோல்ஃப் கிளப்’தான் இந்த வரிசைக்கு மூலம். 2020-ல் 2கே21, 2022-ல் 2கே23 என்று வளர்ந்து வந்தது. மரம் நடுவது, பங்கர் என்ற மணல் பள்ளம் தோண்டுவது, குழியைச் சுற்றியுள்ள கிரீன் புல்தரையைச் சரிப்பது எல்லாம் கை பழகினால் வந்துவிடும். ஆறு அப்படி இல்லை.

காரணம் எளிது. இங்கே நீர்ப்பரப்பு மட்டமானது. நிலத்தை அதற்குக் கீழே இறக்கினால் தண்ணீர் தெரியும், ஏற்றினால் மறையும். அதனால் ஆற்றைச் செதுக்குவது என்றால் கரையைச் செதுக்குவதுதான். தண்ணீர் எந்த நிறத்தில் இருக்கிறது, எப்படி மின்னுகிறது என்று மெனக்கெடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கரை சரியில்லாவிட்டால் எவ்வளவு நல்ல தண்ணீரும் வாய்க்கால்தான்.

முதலில் வளைவு. புதிதாக ஆறு வெட்டுபவர்கள் இருபது யார்டுக்கு ஒரு திருப்பம் வைப்பார்கள். மேலிருந்து பார்த்தால் சுருட்டிப் போட்ட கயிறு மாதிரி இருக்கும். இயற்கையில் ஒரு முழு வளைவலையின் (ஒரு வளைவும் அடுத்த எதிர்வளைவும் சேர்ந்தது) நீளம், ஆற்றின் அகலத்தைப் போல ஏறத்தாழ 10 முதல் 14 மடங்கு. பத்து யார்டு அகல ஆறு என்றால் 100 முதல் 140 யார்டு. நான்கு அடியில் முடிக்க வேண்டிய 400 யார்டு ஆட்டப்பாதை (பார்-4 குழி) ஒன்றின் பக்கவாட்டில் மூன்று நான்கு அலைகள்தான் வரும். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது குறுக்குவெட்டு. வளைவின் வெளிப்பக்கம் நீர் மோதி அரிக்கும். கரை செங்குத்தாக நிற்கும், அடியில் மடு விழும். உட்பக்கம் வேகம் குறைவதால் மணலும் கூழாங்கல்லும் படிந்து, சரிவு மெல்ல இறங்கும். நான் வெளிக்கரைக்குச் சின்ன, கூர்மையான பிரஷ்ஷும் உட்கரைக்குப் பெரிய, மென்மையான பிரஷ்ஷும் எடுக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே பிரஷ்ஷால் இழுத்தால் பொதுப்பணித்துறை வெட்டிய கால்வாய் வரும். ஒரு மடுவுக்கும் அடுத்த மடுவுக்கும் நடுவில் ஆறு மேடாகி, கற்கள் தலைகாட்ட வேண்டும். செங்குத்துக் கரையில் நாணல் நடாதீர்கள். அது உட்கரையில், தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் பொருந்தும். கடைசியில் எல்லாவற்றையும் சமனாக்கும் பிரஷ்ஷால் தடவத் தோன்றும். வேண்டாம்.

எல்லா ஓடைக்கும் இது பொருந்தாது. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி கோல்ஃப் மைதானத்தில் ஓடும் பேரி பர்ன் சுவர் கட்டி ஒடுக்கிய ஓடை. 1999 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் கடைசிக் குழியில் பிரெஞ்சு வீரர் ஜான் வான் டி வெல்ட் பந்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் காலணியைக் கழற்றி இறங்கியது அதில்தான். அந்த மாதிரி ஓடைக்கு நேர்ச்சுவர்தான் நிஜம். கடலோரச் சமதளம் என்பதால் மட்டமான நீர்ப்பரப்பும் உறுத்தாது. மலைச்சரிவில் இறங்கும் ஓடைதான் தலைவலி. அதைச் சின்னச் சின்னக் குட்டைகளாகப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியின் ஓரத்தையும் பாறைகளால் மறைக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாற்றிவிடலாம்.

நிஜ நிலத்தின் லைடார் தரவை (லேசர் கதிரால் அளந்த நில உயரங்களை) உள்ளே கொண்டுவருபவர்களுக்கு ஒரு விஷயம். வழக்கமான வான்வழி லைடாரின் அகச்சிவப்புக் கதிர் தண்ணீருக்குள் ஊடுருவாது. கரை அச்சு அசலாக வரும், ஆற்றுப்படுகை மட்டும் நீர்மட்டத்திலேயே தட்டையாக நிற்கும். ஆழத்தை நீங்கள்தான் தோண்ட வேண்டும்.

கரையில் எந்தப் புல் என்பதும் செதுக்கலில் சேர்த்திதான். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தின் 12-ஆவது குழி வெறும் 155 யார்டு. கிரீனுக்கு முன்னால் ரேஸ் கிரீக் என்ற ஓடை. புல்லை ஒட்ட வெட்டிய அதன் கரைச் சரிவில் விழும் பந்து பெரும்பாலும் உருண்டு தண்ணீருக்குள் போய்விடும். அங்கே நடந்த 1992 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் ஃப்ரெட் கப்பிள்ஸின் பந்து அதிசயமாகச் சரிவிலேயே நின்றது; அவர் பட்டத்தையும் வென்றார். விளையாட்டிலும் அந்த நாலு யார்டில் ஒட்ட வெட்டிய ஃபேர்வே புல் போட்டால் ஒரு குழி, உயரமான ரஃப் புல் போட்டால் வேறு குழி. நான் ஃபேர்வே கட்சி.

வரிசையைப் பொறுத்தவரை, முதலில் ஆறு, அப்புறம்தான் குழிகள். விஸ்கான்சினில் பீட் டை வடிவமைத்த பிளாக்வுல்ஃப் ரன் மைதானம் ஷெபாய்கன் ஆற்றை ஒட்டி அமைந்தது. அங்கே ஆறு போகிற போக்குக்குக் குழிகள்தான் வளைந்து கொடுக்கின்றன. குழிகளைப் போட்டுவிட்டு மிச்ச இடத்தில் ஆற்றை நுழைத்தால் எங்கேயாவது பல்லிளிக்கும்.

இன்னொரு சிக்கல் பார்வை உயரம். மூன்று மீட்டர் ஆழத்தில் அழகாக ஆறு வெட்டியிருப்போம். பந்தை முதலில் அடிக்கும் டீயில் நின்று பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரியாது. அருகிலுள்ள கரை மறைத்துவிடும். அந்தக் கரையை மட்டும் தாழ்த்தினால் சரியாகும், ஆனால் கண்ட இடத்தில் தாழ்த்தினால் பொய்யாகத் தெரியும். அதனால் மணல் படிந்து தாழ்ந்திருக்கும் உட்கரைப் பக்கமாகப் பார்த்து டீயை வைக்கிறேன். எதிரே வெட்டுண்ட வெளிக்கரை உயர்ந்து நிற்கும், நடுவில் தண்ணீர் முழுசாகத் தெரியும்.