கோ 2 பப்பாளியா, கோ 7 பப்பாளியா? நான்கு குழிக் கொல்லையின் கணக்கு

பப்பாளி வைக்கும் முன் கொல்லையில் எத்தனை குழிக்கு இடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நான்கு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 7 ரகங்கள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அதே குழிகளில் வளர்த்துவிட்டேன். இனி கோ 7 மட்டும்தான்.

கோ 2 பழம் பெரிது, சதை ஆரஞ்சு. கோ 7 சிவப்பு. இரண்டுக்கும் ஆறடி இடைவெளி. இரண்டுக்குமே வேரடியில் தண்ணீர் தேங்கக் கூடாது.

முடிவைத் தருவது பூ. கோ 2-இல் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. நாற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்தாறு மாதம் எருவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நான்கில் மூன்று மரங்களில் நீண்ட காம்பு தொங்கிக் கொத்துக்கொத்தாகப் பூத்தது. மூன்றும் ஆண். தோட்டக்காரர்கள் குழிக்கு இரண்டு மூன்று நாற்று வைத்து, பூத்ததும் ஆணைக் கழித்து, இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் என விடுவார்கள். ஏக்கர் கணக்கில் அது சரி. நான்கு குழியில் ஒன்று ஆணுக்குப் போனாலே கால் பங்கு போயிற்று.

கோ 7-இல் ஒரே பூவில் ஆண், பெண் உறுப்பு இரண்டும் உள்ள இருபால் மரம் வரும், பெண் மரம் வரும். ஆண் மரம் வராது. இருபால் மொட்டு ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தேன். நடுவே நீண்ட சூலகம், அதைச் சுற்றி மஞ்சள் தூள் அடைத்த மகரந்தப் பைகள். தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடும். எனக்கு நான்கு மரமும் காய்த்தன. மூன்றில் நீளக்காய், ஒன்றில் உருண்டை. உருண்டை காய்ப்பது பெண் மரம். அதற்கு மகரந்தம் பக்கத்து மரம் தர வேண்டும்.

குறையும் உண்டு. கடும் வெயிலில் தண்ணீர் தவறினால் இருபால் பூவில் சூலகம் சுருங்கி, ஆண் பூவைப் போலாகி உதிர்கிறது. பெண் மரத்துக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. நான் பார்த்தது இரண்டே கோடைதான். பப்பைன் என்ற நொதிக்காகக் காயைக் கீறிப் பால் எடுப்பவர்கள் கோ 2-ஐ நாடுகிறார்கள். அதில் எனக்கு அனுபவம் கிடையாது.

விதையிலும் கோ 7 கைகொடுக்கிறது. இருபால் மொட்டு விரியும் முன் துணிப்பை கட்டினால் வேறு மகரந்தம் சேராது. அந்தப் பழத்து விதையில் மூன்றுக்கு இரண்டு இருபால், ஒன்று பெண் என்ற கணக்கில் வரும். இந்த முறை மூன்று மொட்டுக்குக் கட்டினேன். ஒன்று உதிர்ந்தது, இரண்டு பிடித்திருக்கின்றன.