மாட்ரிகலா, லூட் பாடலா?

முதலாம் எலிசபெத் காலத்து ஆங்கிலப் பாடல்களில் எதிலிருந்து தொடங்குவது என்று திணறுகிறவர்களுக்கு:

ஆள்: மாட்ரிகல் என்பது ஒவ்வொரு குரலும் தனித்தனி மெட்டில் பின்னிப் பாடும் கூட்டுப் பாடல்; அதற்கு மூன்று முதல் ஆறு குரல்கள் வேண்டும். லூட் பாடலுக்கு ஒரு குரலும், மீட்டி வாசிக்கும் நரம்பிசைக் கருவியான ஒரு லூட்டும் போதும்.

ஏடு: மாட்ரிகலில் குரலுக்கொரு தனிப் புத்தகம். லூட் பாடல்களை இயற்றிய ஜான் டவுலண்டின் 1597 தொகுப்போ ஒரே புத்தகம். மேசையில் விரித்தால் சுற்றி அமர்ந்தவர்கள் அவரவர் பக்கத்திலிருந்தே படிக்கலாம்.

சொல்லும் இசையும்: இங்கேதான் மாட்ரிகல் என்னை ஆட்கொள்கிறது. இசையமைப்பாளர் தாமஸ் வீல்க்ஸின் 1601ஆம் ஆண்டு மாட்ரிகலில் ‘இருவர் இருவராய்’ என்னும்போது இரண்டு குரல்கள், ‘மூவர் மூவராய்’ என்னும்போது மூன்று, ‘எல்லோரும் சேர்ந்து’ என்றதும் ஆறும். ‘தனியே’ என்ற சொல்லுக்கு ஒற்றைக் குரல்! லூட் பாடலில் பெரும்பாலும் எல்லாச் சரணங்களுக்கும் ஒரே மெட்டு; சொல் தெளிவாகக் கேட்கும்.

ஐந்தாறு நண்பர்கள் கூடினால் மாட்ரிகல். தனியே இருந்து துயரத்தைப் பாட டவுலண்டு.