அம்மா பெயரில் உதவித்தொகை: ஒரு பல்கலைக்கழக அறக்கட்டளைக்கு என் மதிப்பெண்

ஐந்துக்கு மூன்று. நான் படித்த பல்கலைக்கழகத்துக்காக நன்கொடை திரட்டும் அறக்கட்டளை இது, பெயர் வேண்டாம். அம்மா பெயரில் உதவித்தொகை வைக்கப் பணம் கொடுத்தேன். வாங்கும்போது கவனிப்பில் குறையே இல்லை. ரசீது அன்றே வந்தது.

ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் உறுத்தியது. பணம் "மாணவர் நலனுக்காக" என்று மட்டும் இருந்தது. விடுதிக்கு வெள்ளையடிப்பதும் அதில் அடங்கிவிடுமே! "குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் படிக்க வரும் மாணவிகளின் கட்டணத்துக்கு மட்டும்; அசல் தொகையில் கை வைக்கக் கூடாது" என்று எழுதச் சொன்னேன். ரொம்ப இழுத்துத்தான் ஒத்துக்கொண்டார்கள். நன்கொடை தருகிற யாரும் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 1961-ல் ராபர்ட்சன் குடும்பம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 3.5 கோடி டாலர் கொடுத்தது, மாணவர்களை அரசுப் பணிக்குத் தயார் செய்ய. அந்த அறக்கட்டளைக் குழுவில் பல்கலைக்கழகம் நியமித்தவர்கள் நான்கு பேர், குடும்பத்தின் தரப்பில் மூன்று பேர். வாக்கெடுப்பு என்று வந்தால் முடிவு யார் பக்கம் என்று சொல்லவே வேண்டாம். நோக்கத்துக்கு மாறாகப் பணம் போகிறது என்று வாரிசுகள் 2002-ல் வழக்குப் போட்டார்கள். 2008-ல் சமரசமானபோது, குடும்பத்தின் வழக்குச் செலவுக்கென்று அந்த நிதியிலிருந்தே 4 கோடி டாலர் போனது. அத்தனையும் படிப்புக்கென்று கொடுத்த பணம்.

இங்கே எனக்குப் பெரிய குறை, துணைவேந்தரே அறக்கட்டளைக்கும் தலைவர் என்பது. பணம் கேட்பவரும் அவர், அனுமதிப்பவரும் அவர். அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒருவரே இரண்டு நாற்காலியிலும் இருந்தார். அந்த அறக்கட்டளை அளவுக்கு மீறிச் செலவழித்ததையும், பல விஷயங்கள் குழுவுக்கு முழுசாகப் போய்ச் சேராததையும் 2017-ல் வந்த தணிக்கை அறிக்கை பிட்டுப்பிட்டு வைத்தது. அறங்காவலர்களில் யாருக்கு எந்த நிறுவனத்தோடு தொடர்பு என்ற பதிவேட்டை நான் கேட்டேன். "அது உள் ஆவணம்" என்று சொல்லிவிட்டார்கள். முதலீட்டை யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்பது கொடுத்தவனுக்குத் தெரிய வேண்டாமா?

ஆண்டறிக்கை முழுக்க விழாப் படங்கள். என் நிதிக்கு ஒரே ஒரு வரி. கணக்குப் பிரிவுக்கு எழுதிக் கேட்டதும் தனித்தாள் அனுப்பினார்கள்: தொடக்க இருப்பு, வருமானம், நிர்வாகக் கட்டணமாகக் கழித்தது, மாணவிக்குப் போனது, முடிவு இருப்பு. அருமையான தாள்! நிதியின் மூன்று ஆண்டு சராசரி மதிப்பில் 4 சதவீதம்தான் ஒரு வருஷச் செலவுக்கு எடுக்கிறார்கள். சந்தை ஒரு வருஷம் சரிந்தாலும் அந்தப் பெண்ணின் கட்டணம் சட்டென்று குறையாது. இதைக் கேட்காமலேயே எல்லோருக்கும் அனுப்பியிருந்தால் நான்கு மதிப்பெண் போட்டிருப்பேன்.

நிதியைக் கூட்டித் தரச் சொல்லி இப்போது கடிதம் வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்காத ஒருவரைத் தலைவராக்கி, அந்தப் பதிவேட்டையும் வெளியிட்டால் தருகிறேன் என்று பதில் எழுதியிருக்கிறேன்.